வயலில் சிக்னல் கிடையாது: டாக்குமென்ட் டேட்டாபேஸ் செயலிக்குக் கருவி எடுக்கப் போகிறவர்களுக்கு

தை பிறந்துவிட்டால் மன்னார்குடி பக்கம் அறுவடை வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் சித்தப்பா அந்தத் தரகுதான் பார்க்கிறார். சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளை இறக்கி, யார் வயலில் எப்போது ஓட்டுவது என்று பிரித்துவிடுவார். ஓடின மணி, வாங்கின முன்பணம், நிற்கிற பாக்கி எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். அந்த நோட்டைச் செல்போனுக்குள் கொண்டுவருகிறேன் என்று நான் வாய்விட்டு இரண்டு சம்பா ஆகிவிட்டது. முதல் வருடம் மொத்தமும் வீண். நிரலில் பெரிய பிழை இல்லை. கருவிகளைத் தலைகீழ் வரிசையில் எடுத்ததுதான் வினை. முதலில் டேட்டாபேஸ், அப்புறம் சர்வர், கடைசியில்தான் வயலைப் பார்த்தேன். நீங்கள் வயலிலிருந்து தொடங்குங்கள்.

1. முதலில் நோட்டைப் படியுங்கள்

டாக்குமென்ட் டேட்டாபேஸில் ஒவ்வொரு பதிவும் ஜேசன் வடிவில் (கட்டத்தின் பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக எழுதும் முறை) ஒரு தனித் தாள். ஒரு தாளில் உள்ள கட்டம் அடுத்த தாளில் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. எங்கள் நோட்டுக்கு அது பொருந்தியது. பெல்ட் வண்டிக்கு ஒரு வாடகை, டயர் வண்டிக்கு ஒரு வாடகை. ஒருவர் நிலத்தை மாவில் சொல்வார், ஒருவர் ஏக்கரில், பெரியவர்கள் குழியில். சிலருக்கு வைக்கோல் கட்டும் கணக்கு தனியாக உண்டு.

உங்கள் நோட்டு அப்படி இல்லாமல், எல்லாப் பக்கத்திலும் ஒரே கட்டங்களாக, வரவு ஒரு பக்கம் இருப்பு ஒரு பக்கம் என்று இருந்தால் (உரக்கடை இருப்புக் கணக்கு நல்ல உதாரணம்) போஸ்ட்கிரெஸ் என்ற அட்டவணை வகை டேட்டாபேஸ் போதும். 2014-இல் வந்த 9.4 பதிப்பிலிருந்தே அதில் ஜேசனைச் சேமிக்க ஜேசன்பி என்ற வகை இருக்கிறது. நாலைந்து கட்டங்கள் மட்டும் மாறிமாறி வந்தால் அவற்றை அதில் போட்டுவிடலாம். அப்படிப்பட்டவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம், வருத்தமில்லை.

சோதனை எளிது. நோட்டில் பத்துப் பக்கம் எடுத்து, ஒவ்வொரு சிட்டையையும், அதாவது ஒவ்வொரு பதிவையும், கையால் ஜேசனாக எழுதிப் பாருங்கள். ஒரு மாலை போதும். செலவு ஒரு டீ.

இங்கே இரண்டு பொறி இருக்கிறது. கட்டம் இஷ்டப்படி வைக்கலாம் என்பதால், ஒரே அளவு மூன்று பெயரில் மூன்று கட்டமாகச் சேர்ந்துவிடும். மாங்கோடிபி, கவுச்டிபி, ஃபயர்ஸ்டோர் மூன்றும் டாக்குமென்ட் டேட்டாபேஸ்கள், 3-ஆம் பகுதியில் விரிவாக வரும். மாங்கோடிபியில் ஸ்கீமா சரிபார்ப்பு (எந்தக் கட்டம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதி) உண்டு. கவுச்டிபியில் பதிவு உள்ளே வரும்முன் சரிபார்க்கும் ஃபங்ஷன் எழுதலாம். முதல் நாளே எழுதிவிடுங்கள். இன்னொன்று, ஒரு விவசாயியின் எல்லாச் சிட்டைகளையும் அவருடைய ஒரே தாளுக்குள் அடுக்கத் தோன்றும். வேண்டாம். மாங்கோடிபியில் ஒரு தாள் 16 எம்பிக்கு மேல் போகாது. ஃபயர்ஸ்டோரில் 1 எம்பிதான். அளவைவிடப் பெரிய தொல்லை, இரண்டு பேர் ஒரே தாளைத் திருத்தும்போது வரும் மோதல். ஒரு சிட்டை, ஒரு தாள்.

2. பதிவு பிறக்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள்

நான் செய்யாமல் விட்டது இதைத்தான். வீட்டு வைஃபையில் செயலி பறந்தது. கோட்டூர் தாண்டி உள்ளே போனால் போனில் ஒரு கோடு வரும், போகும். வண்டி ஓட்டுநர் வரப்பில் நின்று ஒரு சிட்டை போட முயன்று, சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சிகரெட் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த அட்டைதான் என் முதல் செயலியின் விமர்சனம்.

எனவே செயலியை யார் எங்கே நின்று திறப்பார்களோ அங்கேயெல்லாம் போய், அவர்கள் வைத்திருக்கும் சிம்மையே வைத்து, ஒரு நாள் முழுக்கச் சிக்னல் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இணையம் இல்லாமல் எத்தனை மணி நேரம் பதிவு போட வேண்டும்? ஒரே பதிவை இரண்டு பேர் திருத்துவார்களா? ஒருவர் போட்டதை மற்றவர் எவ்வளவு சீக்கிரம் பார்க்க வேண்டும்? எங்களுக்கு விடை: பாதி நாள், அரிதாக, இரவுக் கணக்கு முடிப்பதற்குள். இதை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

3. மூன்றில் ஒன்றை எடுங்கள்

சந்தையில் நிறைய இருக்கிறது. நம் ஊர் அளவுச் செயலிக்கு இந்த மூன்றையும் பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

கவுச்டிபியும் பவுச்டிபியும். பாதி நாள் இணையம் இல்லை என்றால் இதுதான். பவுச்டிபி செல்போன் பிரவுசருக்குள்ளேயே பதிவுகளை வைத்துக்கொள்ளும். சிக்னல் கிடைத்ததும் சர்வரில் உள்ள கவுச்டிபியோடு தானே பேசி இரண்டு பக்கமும் சமப்படுத்திக்கொள்ளும். கவுச்டிபி அப்பாச்சி உரிமத்தில் வருகிறது, காசு இல்லை. நிர்வாகத் திரையும் கூடவே வருகிறது. ஒரே தாளை இரண்டு பேர் திருத்தியிருந்தால் ஒன்றை வென்றதாக எடுத்துக்கொண்டு மற்றதை ஓரமாக வைத்திருக்கும், தூக்கி எறியாது. ஆனால் ஓரத்தில் கிடப்பதைத் தேடி எடுத்துச் சரிசெய்வது உங்கள் வேலை. நான் ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டேன்: பழைய சிட்டையைத் திருத்துவதே கிடையாது. தப்பு என்றால் அதை ரத்துசெய்யும் புதுச் சிட்டை போட வேண்டும். சித்தப்பா நோட்டிலும் அடித்து எழுதமாட்டார், கீழே தனியாகத்தான் எழுதுவார்.

இதில் பலர் தாமதமாகக் கண்டுபிடிக்கும் ஒரு விஷயம்: ஒரு டேட்டாபேஸைப் படிக்க அனுமதி பெற்றவர் அதில் உள்ள எல்லாத் தாளையும் படிக்கலாம். தாளுக்குத் தாள் பூட்டு கிடையாது. ஓட்டுநர் ஒருவர் மற்றவரின் கணக்கைப் பார்க்கக் கூடாது என்றால், ஆளுக்கொரு டேட்டாபேஸ் என்று பிரிக்க வேண்டும். முதலிலேயே பிரியுங்கள், நடுவில் பிரிப்பது நடவு முடிந்தபின் வரப்பை மாற்றுவது மாதிரி.

மாங்கோடிபி. பயனர்கள் எல்லோரும் கடையிலோ அலுவலகத்திலோ இணையத்தோடு இருப்பார்கள் என்றால் தாராளமாக எடுக்கலாம். பாடங்கள் நிறைய, வேலைக்கு ஆளும் சுலபமாகக் கிடைப்பார்கள். காம்பஸ் என்ற இலவசத் திரைக்கருவி தொடக்கக்காரர்களுக்கு நல்ல துணை. பல தாள்களை ஒன்றாக மாற்றும் டிரான்சாக்‌ஷன் வேண்டுமானால் சர்வரை ரெப்ளிகா செட்டாக (ஒரே தரவைப் பல சர்வர்கள் நகலாக வைத்திருக்கும் அமைப்பு) ஓட்ட வேண்டும். ஒற்றை சர்வரையே அப்படி அமைக்கலாம். ஒரு எச்சரிக்கை: செல்போனோடு ஒத்திசைக்க அட்லஸ் டிவைஸ் சின்க் என்ற சேவையைச் சொல்லித்தரும் பழைய பாடங்கள் இன்னும் கிடக்கின்றன. அந்தச் சேவை 2025 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பாடத்தின் தேதியைப் பார்த்துப் படியுங்கள்.

ஃபயர்ஸ்டோர். கூகுள் நடத்தும் சேவை, சர்வர் பராமரிப்பே வேண்டாம் என்பவர்களுக்கு. ஆண்ட்ராய்டில் இணையம் இல்லாதபோதும் வேலை செய்யும். இலவச அளவு: 1 ஜிபி இடம், ஒரு நாளைக்கு 50,000 முறை தாளைப் படிக்கலாம், 20,000 முறை எழுதலாம். பெரிய எண்ணாகத் தெரியும். அலுவலகத் திரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 2,000 சிட்டையை இழுத்தால் 25 முறை திறந்ததும் 50,000 தீர்ந்தது. அந்தக் கணக்கு பசிபிக் நேர நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படும், அதாவது தை மாதத்தில் நமக்கு மதியம் ஒன்றரை மணி. காலையில் தீர்ந்தால் சாப்பாட்டு நேரம் வரை காத்திருங்கள். காசு கட்டும் திட்டத்துக்கு மாறினால் எச்சரிக்கை மின்னஞ்சல் வருமே தவிர, செலவு தானாக நிற்காது. இடத்தேர்வில் மும்பை இருக்கிறது. ஒருமுறை தேர்ந்தெடுத்தபின் மாற்ற முடியாது. சோதனைக்காக எல்லோருக்கும் திறந்துவிடும் அணுகல் விதிகள் 30 நாளில் காலாவதியாகும், அதற்குள் சரியான விதி எழுதியிருக்க வேண்டும்.

4. உங்கள் லேப்டாப் தாங்குமா?

இரண்டாம்கை லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு இது முக்கியம். மாங்கோடிபி 5.0 முதல் சிபியுவில் ஏவிஎக்ஸ் என்ற வசதி இருந்தே ஆகவேண்டும். பழைய பென்டியம், செலரான் பலவற்றில் அது இல்லை. நிறுவும்போது ஒன்றும் சொல்லாது. ஓட்டும்போது ‘சட்டவிரோதக் கட்டளை’ என்ற பொருளில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். ராஸ்ப்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினிக்கும் இதே கதிதான், அதன் சிப்பை இந்தப் பதிப்புகள் ஆதரிப்பதில்லை. ‘கடை மூலையில் ஒரு பை வைத்துவிடலாம்’ என்று வாங்கிவிடாதீர்கள்.

டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) நல்ல பழக்கம்தான். ஆனால் 4 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் டாக்கர், எடிட்டர், பிரவுசர் மூன்றையும் திறந்தால் மாட்டு வண்டி வேகம். நேரடியாக நிறுவிக்கொள்ளுங்கள். டாக்கர் எடுத்தால் தரவு தங்கும் வால்யூமுக்குப் பெயர் வையுங்கள். பெயரில்லாமல் ஓட்டினால், கன்டெய்னரை அழித்துப் புதிதாக எழுப்பும்போது பழைய தரவு கூட வராது.

5. பணம், அட்டை, ஆவணம்

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். நான் ஒரு மணி நேரம் என்று நினைத்திருந்தேன்.

சர்வர் வாடகை: 1 ஜிபி ராம் உள்ள சிறிய சர்வர் மாதம் ஐந்தாறு டாலர் அளவில் கிடைக்கும், அதற்குமேல் 18% ஜிஎஸ்டி. கவுச்டிபிக்கு எங்கள் அளவில் இது போதுமாக இருந்தது. மாங்கோடிபி என்றால் 2 ஜிபிக்குப் போங்கள். சென்னை, பெங்களூரு, மும்பையில் சர்வர் இருக்கும் நிறுவனமாகப் பாருங்கள். சர்வரே வேண்டாம், மாங்கோடிபி நிறுவனமே நடத்தும் அட்லஸ் சேவையின் இலவசக் கணக்கு போதும் என்றால் 512 எம்பி இடம் கிடைக்கும். பழகவும் சின்னக் கடைக்கும் சரி, பேக்கப் வசதி மட்டும் அதில் கிடையாது.

அட்டை: வெளிநாட்டு நிறுவனம் என்றால் உங்கள் டெபிட் கார்டில் பன்னாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் போய்த் திறக்க வேண்டும். ரூபே அட்டையைப் பலரும் ஏற்பதில்லை. மாதாமாதம் தானாகப் பிடிப்பதற்கு முதல்முறை ஓடிபி கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். என் அட்டை காலாவதியானதைக் கவனிக்காமல் விட்டு, மாசியில் ஒரு நாள் சர்வரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதிலிருந்து யுபிஐ ஏற்கும் இடமாகப் பார்த்து ஆறு மாத வாடகையை முன்பே கட்டிவிடுகிறேன். அறுவடைக்காரர்களிடம் முன்பணம் வாங்கும் குடும்பம் முன்பணம் கொடுக்கவும் பழகவேண்டும்தானே.

ஆவணம்: அடையாளச் சான்று கேட்கும் இடங்களில் நம் இனிஷியல்தான் வில்லன். ஆதாரில் இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக, வங்கி அட்டையில் இனிஷியல் பின்னால் என்று மூன்று விதமாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ள எழுத்துகளை அப்படியே கணக்கின் பெயராகப் போடுங்கள். செலவை வியாபாரக் கணக்கில் காட்டுவதாக இருந்தால், ஜிஎஸ்டி எண்ணை முதல் பில்லுக்கு முன்பே பதியுங்கள்.

பிளே ஸ்டோர்: பதிவுக் கட்டணம் ஒரே முறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும்முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். தெருவில் பன்னிரண்டு பேரைப் பிடிப்பது கஷ்டமில்லை, பதினான்கு நாள் நிறுத்திவைப்பதுதான் கஷ்டம். நாங்கள் ஸ்டோருக்கே போகவில்லை. பிரவுசரில் திறந்து முகப்பில் பொருத்திக்கொள்ளும் இணையச் செயலியாகவே வைத்தோம். அதற்கு எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு கட்டாயம். அதற்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், 90 நாள் ஆயுள். தானாகப் புதுப்பிக்க அமைத்துவிட்டு, புதுப்பிக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

6. கதவைச் சாத்துங்கள்

முதல் வருடத்தின் இரண்டாவது அடி. மாங்கோடிபியை டாக்கரில் ஏற்றி, வெளியிலிருந்து காம்பஸ் வைத்துப் பார்க்க வசதி என்று 27017 போர்ட்டை (மாங்கோடிபி பேசும் வாசல் எண்) திறந்திருந்தேன். கடவுச்சொல் வைக்கவில்லை. சர்வரின் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மூடியிருக்கிறேனே என்ற தைரியம். டாக்கர் திறக்கும் போர்ட் யுஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு காலை திறந்தால் சிட்டைகள் எதுவும் இல்லை. பிட்காயின் கேட்டு ஒரே ஒரு தாள் கிடந்தது. 2017 ஜனவரியில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மாங்கோடிபி சர்வர்கள் இதே முறையில் துடைக்கப்பட்டன. இத்தனை வருடம் கழித்தும் அதே குழியில் போய் விழுந்தேன். அந்த வருடக் கணக்கை மீட்டது சித்தப்பாவின் நீள நோட்டு.

செய்ய வேண்டியவை: டேட்டாபேஸ் போர்ட்டை 127.0.0.1-க்கு (அந்த சர்வருக்குள் மட்டும் எட்டும் முகவரி) மட்டும் கட்டுங்கள். நேரடியாக நிறுவும் மாங்கோடிபி 3.6 முதல் தானாகவே அப்படித்தான் இருக்கும். டாக்கரில் ஓட்டும் மாங்கோடிபி அப்படியில்லை. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் எஸ்எஸ்எச் என்ற பூட்டிய இணைப்பு வழியாக நுழையுங்கள். கவுச்டிபி 3.0 முதல் நிர்வாகிக் கடவுச்சொல் இல்லாமல் எழும்பவே எழும்பாது, நல்ல காரியம். அட்லஸில் எந்த ஐபியிலிருந்து (இணைய முகவரி எண்) வரலாம் என்று பட்டியல் கேட்கும். வீட்டு பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் எல்லோரும் 0.0.0.0/0 என்று போட்டுவிடுகிறார்கள், அதற்குப் பொருள் ‘ஊரே வரலாம்’. உங்கள் சர்வரின் நிலையான ஐபியை மட்டும் போடுங்கள்.

சரிபார்ப்பது எப்படி? வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் சர்வர் ஐபியை 27017 (மாங்கோடிபி) அல்லது 5984 (கவுச்டிபி) போர்ட்டோடு பிடித்துப் பாருங்கள். இணைந்தால் இன்றே மூடுங்கள்.

அப்புறம், ஆதார் எண். விவசாயிகள் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் நகலெடுத்து நீட்டிப் பழகியவர்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் கேட்பதால் உங்களிடமும் நீட்டுவார்கள். வாங்கிப் போட்டு வைக்காதீர்கள். ஆளை அடையாளம் காண செல்போன் எண் போதும்.

7. தேதி, காசு, தமிழ்

சர்வரின் நேரம் உலகப் பொது நேரம். நாம் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் நடுவில் போடும் சிட்டை முந்தைய நாள் கணக்கில் விழும். நெருக்கடியில் வண்டி இரவிலும் ஓடும், எனவே இது தினமும் நடக்கும். சேமிப்பது பொது நேரத்தில் இருக்கட்டும்; நாள் வாரியாகக் கூட்டும்போது ஆசியா/கொல்கத்தா நேர மண்டலத்தைக் குறிப்பிடுங்கள். ரூபாயைப் புள்ளி வைத்துச் சேமிக்காமல் முழு எண்ணாகப் பைசாவில் வையுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு மாயம் உண்டு. ‘கோட்டூர்’ என்பதன் ‘கோ’வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறி ஒரே எழுத்தாக, அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு இரண்டு ஊர். சேமிக்கும்முன் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றுங்கள், அல்லது ஊர்ப் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். பழைய எக்செல் கோப்பு வானவில் எழுத்துருவில் இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றாமல் உள்ளே விடாதீர்கள். அகர வரிசையும் தகராறுதான். யுனிகோடு எண் வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வை ஒட்டி நிற்கிறது, நாம் படித்த வரிசையில் அது கடைசி. மாங்கோடிபியில் கொலேஷன் என்ற வரிசை விதியைத் தமிழுக்கு வைத்தால் சரியாகும்.

8. பேக்கப்பை அல்ல, மீட்பைச் சோதியுங்கள்

கவுச்டிபியை அலுவலகக் கணினிக்கும் ரெப்ளிகேட் (அப்படியே நகலாக்கி ஒத்திசைத்தல்) செய்கிறோம், அதுவே பேக்கப் என்று சில மாதம் நினைத்திருந்தேன். ஒரு சிட்டையை அழித்தால் அந்த அழிப்பும் அங்கே போய்ச் சேரும். தேதி போட்ட தனி நகல் வேண்டும். மாங்கோடிபிக்கு மாங்கோடம்ப் என்ற நகலெடுக்கும் கருவி; 4.4 முதல் அந்தக் கருவிகளைத் தனியாக நிறுவ வேண்டும். ஒரு நகல் பென்டிரைவில், ஒன்று வேறு ஊரில். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கடைக் கணினியில் மட்டும் நகல் இருந்திருந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

மாதம் ஒருமுறை வெற்று லேப்டாப்பில் அந்த நகலிலிருந்து முழுதாக மீட்டு, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல்முறை மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் கடவுச்சொல்லைத் தேடியதில் போனது.

9. எந்த மாதத்தில் எதைச் செய்வது

சித்திரை, வைகாசியில் நோட்டைப் படித்து, சிக்னல் பார்த்து, கருவியை முடிவு செய்யுங்கள். மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும் ஆனி, ஆடியில் எழுதுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் வரும் குறுவை அறுவடையில் இரண்டே வண்டிக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். கார்த்திகை மழையில் வயலில் வேலை இருக்காது, பிழைகளை அப்போது திருத்துங்கள். மார்கழி பிறந்ததும் பதிப்பு மாற்றம், புது வசதி எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் விதிவிலக்கு.

முதல் சம்பாவில் நோட்டு எழுதுவதை யாரையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நோட்டையும் செயலியையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள்; இடிக்கிற சிட்டையைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆகும். எங்கள் வீட்டில் அந்தக் கால் மணி நேரத்தில் பெரும்பாலும் நோட்டுதான் சரியாக இருந்தது. மாசி பிற்பாதியில் மூன்று நாள் செயலி சரியாக இருந்தது, அதன்பிறகுதான் சித்தப்பா ஓட்டுநர்களிடம் போனில் போடச் சொன்னார்.